நாட்பட்ட அசதியும் நம் வீட்டு மூலிகைகளும்

"எப்பொழுது பார்த்தாலும் உனக்கு என்னதான் அசதியோ!" என்று மகளைக் கடிந்துகொள்ளாத அன்னையர் சிலரே இருப்பர். அப்படிக் கடிந்துகொள்ளும் அன்னையரும் மாலையில் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, "எனக்கும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது" என்று சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். விளையாட்டு விழாவன்று ஓடிக் களைப்பது வேறு. அந்தக் களைப்பு ஓர் இரவு உறங்கினால் போய்விடும். உறங்கி எழுந்த பின்னும் போகாமல், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடவே இருக்கும் அசதி ஒன்று உண்டு. நாங்கள் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அந்த நாட்பட்ட அசதியையும், அதற்கு நம் பெரியோர் கொடுத்துவரும் மூலிகைகளையும் பற்றியே.

இதற்காகப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் ஆச்சிமாரையும் அத்தைமாரையும் கேட்டோம். கன்னியர் இல்லத் தோட்டத்தைப் பராமரிக்கும் சிஸ்டரையும் கேட்டோம். பாடநூல்களும் நூலகத்துப் புத்தகங்களும் துணை நின்றன. ஆச்சிமார் சொன்ன பெயர்களையெல்லாம் எழுதினால் இம்மலரில் வேறு எதற்கும் இடம் இராது. ஆகவே எல்லோர் வாயிலும் வந்த நான்கினை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் முருங்கை. "முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்" என்ற பழமொழியை வறுமையோடு சேர்த்துச் சொல்வோர் பலர். முருங்கைக்கீரை உண்டவன் முதுமையிலும் கோலூன்றாமல் வெறுங்கையோடு நடப்பான் என்பதே அதன் பொருள் என்று எங்கள் ஆச்சிமார் ஒருவாய்ப்படச் சொல்கிறார்கள். எங்களுக்கும் அப்பொருளே பிடித்திருக்கிறது. இக்கீரையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உயிர்ச்சத்து 'ஏ'யாக மாறும் பொருளும் உள்ளன. உயிர்ச்சத்து 'சி'யும் மிகுதி. ஆனால் 'சி' சத்து சூட்டைத் தாங்காது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆகவே கீரையை வதக்கி இறக்கிய பின்னர் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவது நலம். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசந்துபோகும் என்று ஆச்சிமார் தடுப்பார்கள். காரணம் எதுவாயினும் செய்கை சரியே.

இரண்டாவது கரிசலாங்கண்ணி. கரிசாலை, கையாந்தகரை என்றும் இதனை அழைப்பர். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வளரும். வடலூர் இராமலிங்க அடிகளார் (1823–1874) தம் அன்பர்களுக்கு இதனைப் பெரிதும் போற்றி உரைத்தார். தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சுவது இக்காலத்தில் இதற்குப் பெரும் பெயரைத் தந்துவிட்டது. சித்த மருத்துவத்திலோ இதன் முதன்மையான இடம் காமாலையிலும், உடல் வெளுத்துச் சோரும் பாண்டு நோயிலும் ஆகும். வெள்ளைப் பூப் பூப்பதும் மஞ்சள் பூப் பூப்பதும் ஒரே செடியின் இரு நிறங்கள் என்று எங்களிற் பலர் எண்ணியிருந்தனர். அவை வெவ்வேறு செடிகள். சமையலுக்கு மஞ்சள் பூவுடையதை விரும்புவோர் மிகுதி. அதனைப் பாசிப்பருப்புடன் சேர்த்துக் கூட்டுச் செய்வர்.

மூன்றாவது நெல்லிக்காய். மலை நெல்லியையே குறிப்பிடுகிறோம். பள்ளி வாயிலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கும் அரைநெல்லி அதற்கு ஈடாகாது. சுவைக்காக அதனைத் தின்பதை எவரும் தடுக்கப் போவதில்லை! மலை நெல்லியில் உள்ள உயிர்ச்சத்து 'சி' ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். இது கீரையோடும் பருப்போடும் சேரும்போது அவற்றிலுள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நான்காவது அமுக்கரா. அசுவகந்தி என்னும் பெயரில் இன்று விளம்பரம் பெற்றுள்ள கிழங்கு இதுவே. 'அசுவம்' என்றால் குதிரை; பச்சை வேரில் குதிரையின் வாடை வீசுவதால் இப்பெயர். தாவர நூலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதி 'உறக்கம் தருவது' எனப் பொருள்படும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் முதலியவற்றோடு சேர்த்து அமுக்கராச் சூரணமாக்கி, இரவில் பாலில் கலந்து கொடுப்பது நம் நாட்டு வழக்கம். மனக்கவலையால் உறக்கம் கெட்டு, அதனால் சோர்ந்தவர்க்கு இது ஓரளவு நலம் செய்யக்கூடும். எனினும் இதனை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாகாது. தைராய்டு சுரப்பிக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் தாமாக உண்ணக் கூடாது. சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவ ஏடுகளில் செய்தி வந்துள்ளது. டென்மார்க் நாடு 2023-ல் இதனை உணவுப் பொருள்களில் சேர்ப்பதைத் தடை செய்தது. நம் மூலிகையைப் பிறநாட்டார் தடுப்பதா என்று சினம் கொள்வோர் இருக்கலாம். நம் வைத்தியர்களும் நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, அளவு சொல்லியே கொடுத்தார்கள். பெட்டிக்கடையில் வாங்கி விளையாட்டாக விழுங்கச் சொல்லவில்லை.

இந்நான்கையும் எழுதி முடித்தபோது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒருத்திக்கு முருங்கையும், மற்றொருத்திக்கு அமுக்கராவும் ஏன்? அசதி எல்லோருக்கும் ஒன்றுதானே? அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் கட்டுரையின் உண்மையான பொருள் எங்களுக்கு விளங்கியது. அசதி என்பது ஒரு நோயின் பெயர் அன்று. பல நோய்கள் வந்து தட்டும் ஒரே கதவு. எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளிடத்தும் எங்கள் அன்னையரிடத்தும் அக்கதவைத் தட்டுவது பெரும்பாலும் இரத்த சோகையே.

2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்த சோகை இருப்பது தெரிந்தது. அதே வயதுள்ள ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேருக்கே இருந்தது. வளரும் வயதில் உடல் இரும்பை அதிகமாகக் கேட்கிறது. பெண்களுக்கோ மாதந்தோறும் இரத்த இழப்பும் நேர்கிறது. இவ்விரண்டும் போதாதென்று, வீட்டில் எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்பவளும் பெரும்பாலும் பெண்ணே. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கும் நாளில் அவை யார் தட்டுக்குப் போகின்றன என்பதை எங்கள் வாசகியர் தத்தம் வீட்டில் கவனித்துப் பார்க்கலாம். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொடுத்து, சுவரொட்டியும் சமைத்துப் போட்ட நம் முன்னோர் இத்தேவையை அறிந்தே இருந்தனர். ஆனால் அக்கவனிப்பு சில நாள்களில் முடிந்துவிடுகிறது. தேவையோ பல்லாண்டுகள் நீடிக்கிறது.

இரத்த சோகைக்கு நம் வைத்தியர்கள் இட்ட பெயர் பாண்டு. வெளுப்பு என்பது அதன் பொருள். பாரதத்துப் பாண்டு மன்னனின் பெயரும் இச்சொல்லே. அறிகுறிகளைக் கண்டுகொள்வது கடினமன்று. கீழ் இமையை மெல்ல விலக்கிப் பார்த்தால் உட்புறம் சிவப்பு மங்கி வெளுத்திருக்கும். உள்ளங்கையும் நகங்களும் வெளுக்கும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். காலை வழிபாட்டில் நெடுநேரம் நின்றால் கண் இருளும். இன்னும் ஓர் அறிகுறி உண்டு. அதைச் சொன்னால் சிலர் சிரிக்கலாம். சிலேட்டுக் குச்சி, சாக்குக்கட்டி, பச்சரிசி, அடுப்புச் சாம்பல், ஐஸ் கட்டி ஆகியவற்றை ஓயாமல் தின்ன வேண்டும் என்னும் ஆசை! அரிசிப் பானையில் கைவிடும் பெண்ணைக் கெட்ட பழக்கக்காரி என்று அடிப்பதுண்டு. இரும்புச்சத்துக் குறைந்த உடலில் இத்தகைய ஆசை தோன்றுவதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அடிக்குப் பதிலாக அவளுக்கு வேண்டுவது இரத்தப் பரிசோதனை.

அப்பரிசோதனை எளியது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் எங்கள் வயதுப் பெண்களுக்கு அது சோகை. 8 கிராமுக்குக் கீழே போனால் கடுமையானது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதனைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி எங்களை மிகவும் வியக்க வைத்த செய்திக்கு வருவோம். சித்த மருத்துவர்கள் பாண்டு நோய்க்குத் தழைகளை மட்டும் கொடுத்து நிறுத்திவிடவில்லை. அவர்கள் இரும்பையே மருந்தாக்கிக் கொடுத்தார்கள். அயச் செந்தூரம் இரும்பிலிருந்து செய்யப்படுவது. மண்டூரம் என்பது பழைய இரும்புக் கிட்டம். அன்னபேதிச் செந்தூரம் அன்னபேதி என்னும் பச்சை நிறக் கல்லுப்பைப் புடமிட்டுச் செய்வது. அந்த அன்னபேதி என்பது யாது? வேதியியல் ஆசிரியையிடம் கேட்டோம். பெரஸ் சல்பேட்! மருத்துவமனையில் தரும் இரும்பு மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் இந்த உப்பே. புடமிடுகையில் அது வேறு இரும்புச் சேர்மமாக மாறுகிறது என்பது வேறு செய்தி. ஆங்கில மருந்தா, நாட்டு மருந்தா என்று வீடுகளில் வாதம் நடக்கையில் இரு பக்கத்தாரும் ஒரே உப்பைக் கையில் வைத்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள் என்பதை நினைக்க எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

இதன் தொடர்ச்சியாக நம் மாநிலத்திலேயே ஓர் ஆய்வு நடந்துள்ளது. சென்னையிலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் சேவியர் ஆராய்ச்சி நிறுவனமும் மற்றும் சிலரும் சேர்ந்து செய்த அவ்வாய்வு 2024-ல் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் சேர்ந்த வளரிளம் பெண்கள் 2648 பேர். 45 நாள் மருந்தை முழுமையாக உண்டவர்கள் 2300 பேர். முதலில் குந்திரிக்கச் சூரணம் கொடுத்தார்கள். ஆலயத்தில் தூபக் கலசத்தில் மணக்கும் குந்திரிக்கத்தை இங்கே மருந்தின் பெயரில் கண்டது எங்களுக்குப் புதுமை. பின்னர் அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கையும் தந்தனர். ஹீமோகுளோபின் உயர்ந்ததோடு களைப்பு, தலைவலி, முடி உதிர்தல், மாதவிலக்குச் சீர்கேடு ஆகியவையும் குறைந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர்.

அந்நான்கின் சேர்க்கையை உற்று நோக்குங்கள். இரும்பு தருவது செந்தூரம். அதனை உடல் ஏற்க உதவும் 'சி' சத்து நெல்லிக்காயில் இருக்கிறது. இரும்பு மருந்து உண்போருக்கு மலச்சிக்கல் ஏற்படுவது வழக்கம். கடுக்காயோ மலத்தை இளக்கும். பழச்சாற்றுடன் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய மணப்பாகு நாவுக்கு இனியது. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் உண்பர். ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பது எங்கள் வயதுப் பெண்ணுக்கும் விளங்குகிறது.

தழைகள் மட்டும் போதாவா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லி கிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்தது. 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது ஏறத்தாழ 5 மில்லி கிராம்கூட இல்லை. ஒரு கைப்பிடிப் பொரியலில் அதிற் பாதியே. தாவரங்களிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் உறிஞ்சுகிறது. ஆகவே நலமாயிருப்பவள் நலமாகவே இருக்கக் கீரை உதவும். கம்பு, கேழ்வரகு, எள், பயறு இவற்றோடு சேரும்போது இன்னும் நன்று. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பு சிறிதளவு இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். ஆனால் ஏற்கெனவே வற்றிப்போன கிணற்றைக் கீரைச் சாற்றால் நிரப்ப இயலாது. அதற்கு மருந்து வேண்டும்.

அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற மாத்திரை இதற்காகவே ஏற்பட்டது. அதில் 60 மில்லி கிராம் இரும்பும் போலிக் அமிலமும் உள்ளன. அம்மாத்திரைகளிற் சில எவ்வாறு சன்னல் வழியே வெளியேறுகின்றன என்பதை இங்கே விளக்கமாக எழுத நாங்கள் விரும்பவில்லை. மேற்பூச்சு இனிப்பானது என்பது தோட்டத்து எறும்புகளுக்கு நன்கு தெரியும். வயிற்றைப் புரட்டுகிறது என்பதே தோழியர் கூறும் காரணம். வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் உண்டால் புரட்டல் குறையும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் தேநீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அசதி என்றவுடன் நம் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது தேநீரே. காலைப் பலகாரத்தோடு ஒன்று, மதிய உணவு முடிந்த கையோடு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. காப்பியும் அவ்வாறே. களைப்புத் தீரக் குடிக்கும் தேநீரே களைப்பின் காரணத்தை வளர்க்கிறது! குடிப்பதை விட்டுவிடும்படி அன்னையரிடம் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். மாத்திரையைப் பாலுடன் விழுங்குவதும் பயன் தராது. எலுமிச்சைச் சாறு கலந்த நீர் சிறந்தது.

எங்களுள் ஒருத்தியின் அன்னை இரண்டு ஆண்டுகளாக ஓயாத அசதியால் வருந்தி வந்தார். "வயதாகிறதல்லவா" என்பார், அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பேருந்து நிலையத்தருகே ஒருவர் விற்ற லேகியத்தை மாதம் தவறாமல் வாங்கி உண்டார். குப்பியில் என்ன சேர்ந்துள்ளது என்று ஓர் எழுத்தும் இல்லை. ஒரு நாள் குடத்தைத் தூக்கும்போது மயங்கி விழுந்த பின்பே இரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7 கிராம் இருந்தது. மாதந்தோறும் அளவுக்கு மீறி இரத்தம் போய்க்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை; சொல்லக் கூடாதது என்று எண்ணியிருந்தார். மருத்துவமனையில் அதற்கும் சிகிச்சை பெற்று, இரும்பு மருந்தும் உண்டு, இப்போது நலமாக இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதனை எழுதுகிறோம். இதனைப் படிக்கும் தந்தையரும் அண்ணன்மாரும் இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போகாதிருக்க வேண்டுகிறோம்.

சோகை இல்லாமலும் நாட்பட்ட அசதி வருவதுண்டு. தைராய்டுக் குறைவு, நீரிழிவு, காச நோய், மனச்சோர்வு ஆகியவை அசதியாகவே தொடங்கலாம். ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, ஓய்வெடுத்தும் தீராமல், சிறு வேலை செய்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளும் கடும் அயர்ச்சி நோய் ஒன்றும் தனியே உண்டு. அதனைச் சோம்பல் என்று ஏசுவது கொடுமை. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்பவர்க்குப் பாதத்தின் வழியே புகும் கொக்கிப் புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் தரும் பூச்சி மாத்திரை இதற்காகவே. பொதுத்தேர்வுக்கென்று இரவு ஒரு மணி வரை விழித்திருக்கும் எங்கள் வகுப்புத் தோழியரின் அசதிக்கு எந்த மூலிகையும் இல்லை. எங்கள் வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை.

காலை உணவைத் தவிர்ப்பதும் ஒரு காரணம். தவக்காலத்தில் ஒறுத்தல் என்று சொல்லி வெறும் வயிற்றோடு வந்து வழிபாட்டில் மயங்கி விழும் தோழியர் ஆண்டுதோறும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்தோர்க்கு. ஒருசந்தி இருக்கும் கடமையோ 18 வயது நிறைந்த பின்பே. வெள்ளி, சனி என்று விரதமிருக்கும் பிற சமயத் தோழியரும் தம் அன்னையரிடம் கலந்து பேசிக்கொள்வது நலம்.

மூலிகையை நாங்கள் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் மண்ணில் விளையும் மருந்தும் மருத்துவரும் ஒருசேரப் பேசப்படுவதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். சித்த மருந்து வேண்டுவோர் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமே செல்லலாம். பாளையங்கோட்டையில் 1964-லேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்தப் பிரிவு இயங்குகிறது. செந்தூரங்கள் புடம் குறைந்தாலோ அளவு மிகுந்தாலோ தீங்கு செய்யும். கைப்பக்குவம் அறியாதவர் செய்ததை வாங்கி உண்ணலாகாது. மருத்துவமனை மாத்திரையும் உண்டு, செந்தூரமும் உண்போர் இரு மருத்துவரிடமும் அதனைச் சொல்லிவிட வேண்டும். இரும்பு குறைந்தால் அசதி. அளவு மீறினால் அதுவே நஞ்சு. சிறு பிள்ளைகள் இனிப்பென்று எடுத்து விழுங்காதபடி மாத்திரைகளை உயரத்தில் வைக்க வேண்டும்.

மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பலருக்குத் தெம்பு திரும்பிவிடும். அத்துடன் டப்பாவை மூடிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் அளவு சரியான பின்னரும் உடலின் சேமிப்பில் இரும்பு நிரம்ப இன்னும் மூன்று மாத காலம் போல் ஆகும் என்பதால், மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை உண்ண வேண்டும். இடையில் ஒருமுறை இரத்தம் பார்த்து, அந்தச் சீட்டை முந்தைய சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட வசதியாக இருக்கும்.